துளை போடாத கிட்டார் உடலில் பாகங்களைப் பொருத்துவது எப்படி?

தனித்தனியாக வாங்கிய பாகங்களிலிருந்து டெலிகாஸ்டர் வடிவ எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைச் சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆல்டர் மரத்தாலான உடல். மேலே கெட்டியான பாலியெஸ்டர் பூச்சு. பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பாகம்) குழிகளும் கழுத்து உட்காரும் குழியும் குடையப்பட்டிருக்கின்றன, ஆனால் ஒரு திருகாணித் துளைகூட இல்லை. மேப்பிள் கழுத்தில் டியூனர்களுக்கான, அதாவது தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகுகளுக்கான, பெரிய துளைகள் மட்டும் உண்டு. உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஆறு சேடில் (ஒவ்வொரு தந்தியும் அமரும் சிறு தாங்கி) கொண்டது, தந்திகள் உடலின் பின்புறமிருந்து ஊடுருவி வரும் வகை. எதை முதலில் துளைப்பது, எந்த அளவு டிரில் பிட் எடுப்பது, பூச்சு சில்லாகப் பெயராமல் எப்படிக் காப்பது என்பவை உங்கள் மூன்று கேள்விகள். மூன்றில் முதல் கேள்விக்கே நான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். தவறான பிட்டால் போட்ட துளையைச் சரிசெய்வது எளிது; தவறான வரிசையில் போட்ட துளை மற்ற எல்லாத் துளைகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

வரிசை இதுதான்: முதலில் கழுத்து, அதன்பின் பிரிட்ஜ், அதற்குப் பிறகு மற்றவை எந்த வரிசையில் வந்தாலும் பெரிய தவறில்லை. தந்திகளின் பாதையைத் தீர்மானிப்பது உடல் அல்ல, கழுத்துதான். நட்டிலுள்ள (கழுத்தின் தலைமுனையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) பள்ளங்கள், ஃப்ரெட்போர்டின் (விரல் வைக்கும் பலகை) இரு விளிம்புகள், பன்னிரண்டாம் ஃப்ரெட் (அந்தப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஆகிய மூன்றும் கழுத்தில்தான் இருக்கின்றன. உடலில் குறிக்க வேண்டிய புள்ளிகள் யாவும் இந்த மூன்றிலிருந்தே அளந்து பெறப்பட வேண்டியவை. டெலிகாஸ்டர் வடிவம் 1950-இல் ஃபெண்டர் நிறுவனத்திலிருந்து வெளிவந்தபோது, கழுத்தைப் பசையால் ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பிணைத்ததே அதன் பெரிய புதுமைகளுள் ஒன்று. முதலில் பிராட்காஸ்டர் என்று பெயர் சூட்டி, கிரெட்ச் நிறுவனம் அதே ஒலியுள்ள பெயரைத் தன் டிரம்களுக்கு வைத்திருந்ததால் 1951-இல் டெலிகாஸ்டர் என்று மாற்றினார்கள். பெயர் மாறினாலும் அளவுகள் பெரிதாக மாறவில்லை. கழுத்துக் குழியின் அகலம் சுமார் 56 மி.மீ., ஆழம் சுமார் 16 மி.மீ. என்ற கணக்கு இன்றுவரை நிலைத்திருப்பதால்தான் ஓரிடத்தில் வாங்கிய கழுத்து வேறிடத்தில் வாங்கிய உடலில் உட்காருகிறது. ஆனாலும் ‘உட்காருகிறது’ என்பதும் ‘நேராக உட்காருகிறது’ என்பதும் வேறு வேறு.

கழுத்தைக் குழிக்குள் வைத்துப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது கண்ணுக்கு ஒன்றுமில்லாததாகத் தோன்றும். குழியின் நீளம் ஏறத்தாழ 76 மி.மீ.; கழுத்தின் அடிமுனையிலிருந்து நட் வரை 460 மி.மீ.க்குச் சற்று அதிகம். எனவே குழியின் வாயில் அரை மி.மீ. சாய்ந்தால் நட் அருகே அது மூன்று மில்லிமீட்டராகப் பெருகிவிடும். இந்த அசைவு கெடுதல் என்று நினைக்க வேண்டாம். தந்திகளை நேர்ப்படுத்த நமக்குக் கிடைக்கும் ஒரே சலுகை அதுதான். ஆனால் துளை போட்ட பிறகு அந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும். குழியின் உள்சுவரில் பூச்சு தடித்துப்போய்க் கழுத்து உள்ளேயே இறங்கவில்லையென்றால், சுத்தியலால் தட்டாமல், தட்டையான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் பூச்சை மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும். இறுக்கமாகத் திணித்தால் குழியின் மூலையிலிருந்து பூச்சு விரிசல் விடும்; அந்த விரிசல் பிறகு தானாகவே வளரும்.

அடுத்து, கழுத்தை லேசாகக் கிளாம்ப் வைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு ஓரத் தந்திகளையும், அதாவது மிக மெல்லிய ஈ தந்தியையும் மிகத் தடித்த ஈ தந்தியையும், டியூனரிலிருந்து நட் வழியாகப் பிரிட்ஜ் வரை இழுத்துக் கட்டுங்கள். பிரிட்ஜ் இந்தக் கட்டத்தில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டப்பட்டிருந்தால் போதும். தந்திக்குப் பதில் தையல் நூல் பயன்படுத்துவோரும் உண்டு. ஆனால் நூலுக்குத் தடிமன் வேறுபாடு இல்லாததால் நட்டின் பள்ளத்தில் அது சரியாக அமர்வதில்லை. கடைசி ஃப்ரெட்டின் மேல், மெல்லிய தந்திக்கும் ஃப்ரெட்போர்டின் விளிம்புக்கும் உள்ள தூரமும், எதிர்ப்பக்கத்தில் தடித்த தந்திக்கும் விளிம்புக்கும் உள்ள தூரமும் சமமாக வரும்வரை கழுத்தையும் பிரிட்ஜையும் நகர்த்துங்கள். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் அவசரப்பட வேண்டாம்.

நானே இதில் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். இரண்டு பலகைகளை ஒட்டிச் செய்த உடல் அது. நடுவில் ஒட்டிய கோடு பளிச்சென்று தெரிந்ததால் அதுவே கிட்டாரின் மையக்கோடு என்று நம்பி, அதன் இருபுறமும் சம தூரம் அளந்து பிரிட்ஜுக்குத் துளை போட்டுவிட்டேன். தந்தி கட்டிய பிறகுதான் தெரிந்தது, மெல்லிய தந்தி பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே விரல் வைத்தால் விளிம்பைத் தாண்டிக் கீழே வழுக்கி விழுந்தது. ஒட்டுக்கோடு பலகை வெட்டிய தச்சருடைய வசதிக்கு ஏற்ப விழுந்த கோடு. கழுத்துக் குழியை அதை வைத்துக் குடைய வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. துளைகளை அடைத்து, பிரிட்ஜை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி துளைத்தேன். பிரிட்ஜ் தகடு அகலமானது என்பதால் பழைய துளைகள் அதன் அடியில் மறைந்துவிட்டன.

நேர்ப்படுத்திய நிலையிலேயே கழுத்துத் துளைகளுக்கு வருவோம். இங்கே இரண்டு வகைத் துளைகள் உண்டு. இரண்டின் வேலையும் வேறு. உடலில் போடும் துளை, திருகாணி தடையின்றிச் சுழன்று போகும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும். வழக்கமான கழுத்துத் திருகாணியின் மரை சுமார் 4.2 மி.மீ. விட்டம் உடையது; எனவே உடலில் 4.8 மி.மீ. துளை பொருந்தும். கழுத்தில் போடும் துளையோ திருகாணியின் மரை மரத்தைக் கடிக்கும்படி சிறிதாக இருக்க வேண்டும், மேப்பிளுக்கு 3.2 மி.மீ. சரியான அளவு. இப்படிச் சிறியதாக முன்கூட்டியே போடும் துளையை இனி முன்துளை என்று சொல்கிறேன். திருகாணி உடலையும் கடித்து, கழுத்தையும் கடித்தால், எவ்வளவு முறுக்கினாலும் இரண்டு மரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி அப்படியே நின்றுவிடும். ஒன்றையொன்று நெருங்கி இறுக முடியாது. ‘கழுத்து இறுகவே மாட்டேன் என்கிறது’ என்ற குறை எழும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது உடலின் துளை அகலத்தைத்தான்.

முதலில் உடலின் நான்கு துளைகளையும், கழுத்துத் திருகாணிகளின் தலைக்கு அடியில் வரும் பின்புறத் தகட்டை வார்ப்பாக வைத்துக் குறித்து, டிரில் பிரஸ்ஸில் (மேசையோடு நிலையாக நிற்கும் துளையிடும் இயந்திரம்) செங்குத்தாகப் போட்டு முடித்துவிடுங்கள். அதன்பின் கழுத்தை மறுபடி நேர்ப்படுத்தி, கிளாம்பை நன்றாக இறுக்கி, பின்புறத் துளைகள் வழியாக 4.8 மி.மீ. பிட்டைக் கையால் ஒரு சுற்று சுற்றினால் கழுத்தின் அடிப்பகுதியில் சரியான மையத்தில் ஒரு சிறு குழிவு விழும். கழுத்தைக் கழற்றி, அந்தக் குழிவிலிருந்து 3.2 மி.மீ. முன்துளை போட வேண்டும். ஆழத்தைக் கணக்கிட்டே ஆக வேண்டும். உடலின் தடிமன் 44.5 மி.மீ. என்றால், குழி 16 மி.மீ. போக மிஞ்சுவது 28.5 மி.மீ.; தகடு சுமார் 1.5 மி.மீ. சேர்த்தால் 30. திருகாணி 44.5 மி.மீ. நீளமாயின் கழுத்துக்குள் 14.5 மி.மீ. போகும். கழுத்தின் அடிப்பகுதி சுமார் 25 மி.மீ. தடிமன் என்பதால் மேலே பத்து மில்லிமீட்டருக்கு மேல் மரம் இருக்கும். மிக மெல்லிய உடலில் அதே நீளத் திருகாணியைச் செலுத்தினால் அதன் முனை ஃப்ரெட்போர்டை முட்டக்கூடும். பிட்டில் தேவையான ஆழத்தில் டேப்பைக் கொடிபோலச் சுற்றிவிட்டால், கொடி மரத்தூளைத் துடைக்கத் தொடங்கும்போது நிறுத்திவிடலாம்.

இப்போது பிரிட்ஜ். அதன் இடத்தைத் தீர்மானிப்பது ஸ்கேல் நீளம், அதாவது நட்டிலிருந்து சேடில் வரை அதிர வேண்டிய தந்தியின் நீளம். ஃபெண்டர் வகைக் கழுத்துகளில் அது 25.5 அங்குலம், 647.7 மி.மீ. கிப்சன் வகையில் பெயரளவில் 24.75 அங்குலம். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், நட்டின் முன்விளிம்பிலிருந்து பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் உச்சிவரை எஃகு அளவுகோலால் நீங்களே அளந்து இரண்டால் பெருக்குங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட் ஒரு ஸ்தாயியைக் கொடுக்கும் இடம். தந்தியின் நீளம் அங்கே சரிபாதியாகிறது. உங்கள் கழுத்தில் 323.85 மி.மீ. என்று வந்தால் கவலை இல்லை.

இந்த 647.7 மி.மீ. என்பது சேடில் நிற்கும் இடமல்ல, அது தொடங்கும் இடம். தந்தியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது சிறிது நீட்டப்பட்டு, இழுவிசை கூடி, சுருதி சற்று ஏறுகிறது. அதோடு தடித்த தந்தி விறைப்பானது. அதன் இரு முனைகளிலும் ஒரு சிறு பகுதி சுதந்திரமாக வளைவதில்லை. இரண்டையும் ஈடுகட்ட, தந்தியைக் கணக்குப்படியான நீளத்தைவிடச் சற்று நீட்டியே வைக்க வேண்டியிருக்கிறது. மெல்லிய ஈ தந்திக்கு ஏறத்தாழ இரண்டு மி.மீ., தடித்த ஈ தந்திக்கு நான்கைந்து மி.மீ. பின்னுக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். எனவே சேடில் எப்போதும் பின்னோக்கியே நகரும். முன்னோக்கி நகர இடம் அதிகம் தேவையில்லை. செய்ய வேண்டியது இதுதான்: மெல்லிய ஈ தந்தியின் சேடிலை அதன் திருகில் முன்னோக்கி முழுமையாக விட்டு, பிறகு இரண்டு மில்லிமீட்டர் மட்டும் பின்னே இழுத்து, அந்தச் சேடிலின் உச்சி நட்டிலிருந்து சரியாக ஸ்கேல் நீளத்தில் விழும்படி பிரிட்ஜ் தகட்டை வையுங்கள். எல்லாச் சேடில்களையும் நடுவில் நிறுத்தி அளப்பவர்கள்தான் பிறகு தடித்த தந்திக்குத் திருகு போதவில்லை என்று ஸ்பிரிங்கை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். டெலிகாஸ்டர் உடலில் பிரிட்ஜ் பிக்அப்புக்கான குழி ஏற்கெனவே இருப்பதால், தகட்டின் சாய்ந்த திறப்பு அந்தக் குழியின் மேல் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நீளமும் குழியும் முரண்பட்டால் நீளமே வெல்ல வேண்டும். பிக்அப் இடிக்கும் இடத்தில் குழியை அகலப்படுத்தலாம், ஸ்கேலை மாற்ற முடியாது.

துளைக்கும் முன் ஒரு சிறு வேலை இருக்கிறது. மறந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். பிரிட்ஜிலிருந்து மின்சுற்றுக் குழிக்கு ஓர் எர்த் ஒயர் போக வேண்டும். தந்திகளைத் தொட்டதும் இரைச்சல் குறைவது இந்த ஒயரால்தான். பிக்அப் குழியிலிருந்து கட்டுப்பாட்டுக் குழிக்கு ஏற்கெனவே வழி இருந்தால், ஒயரின் தோலுரித்த முனையைப் பிரிட்ஜ் தகட்டின் அடியில் விரித்து அழுத்தினாலே போதும். இல்லாவிட்டால் நீண்ட பிட்டால் சாய்வாக ஒரு துளை போட வேண்டும். அப்போது டிரில்லின் தலை குழியின் விளிம்பில் இடித்துப் பூச்சை நசுக்காதபடி விளிம்பில் ஒரு மரச்சட்டத்தை வையுங்கள்.

பூச்சு பெயர்வதைப் பற்றிக் கேட்டீர்கள். பாலியெஸ்டர் பூச்சு கண்ணாடியைப் போலக் கெட்டியானது, அதே அளவுக்கு நொறுங்கக்கூடியது. டிரில் பிட்டின் வெட்டுவாய் பூச்சை அறுக்காமல் கிளப்பும்போது சில்லு பறக்கிறது. திருகாணியின் மரையும் வாய்ப்பகுதியைத் தூக்கிவிடும். மாஸ்கிங் டேப் ஒட்டினால் தீர்ந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். டேப் குறியிட உதவும், பிட் வழுக்காமலும் தடுக்கும்; ஆனால் சில்லு பறப்பதை அது ஓரளவே தடுக்கிறது. நம்பகமான வழி வேறு. முதலில் குத்தூசியால் மையத்தைக் குத்துங்கள். பிறகு டிரில்லை எதிர்த்திசையில், மெதுவாக, அழுத்தமின்றிச் சுழலவிட்டுப் பூச்சை மட்டும் சுரண்டி எடுங்கள். எதிர்த்திசையில் பிட் வெட்டாது, தேய்க்கும். மரம் தெரிந்தவுடன் நேர்த்திசைக்கு மாற்றி முன்துளையைப் போடுங்கள். கடைசியாகக் கவுண்டர்சிங்க் பிட்டைக் கையில் பிடித்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, துளையின் வாயிலுள்ள பூச்சைத் திருகாணியின் மரை தொடாத அளவுக்குச் சரித்துவிடுங்கள். இந்தச் சரிவு பிரிட்ஜ் தகட்டின் அடியில் மறைந்துவிடும். பல மாதங்கள் கழித்துத் திருகாணியைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் நட்சத்திரம்போலத் தோன்றுவது பெரும்பாலும் இந்தச் சரிவு இல்லாததால்தான்.

முன்துளையின் அளவுக்குப் பட்டியல் தேடுவதைவிடக் கண்ணால் பார்க்கும் முறை எனக்குப் பிடிக்கும். திருகாணியைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அதன் முன்னால் பிட்டை வையுங்கள். பிட், திருகாணியின் நடுத்தண்டை முழுவதும் மறைத்து, இருபுறமும் மரையின் பற்கள் மட்டும் வெளியே தெரிந்தால் மேப்பிள் போன்ற கடின மரத்துக்கு அதுவே அளவு. ஆல்டர், பாஸ்வுட் போன்ற மென்மையான மரங்களுக்கு அதைவிட ஒரு படி சிறியது எடுக்கலாம். பொதுவாகப் பிரிட்ஜ் திருகாணிகளுக்கு 2.5 மி.மீ., பிக்கார்டு (உடலின் முகப்பைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) திருகாணிகளுக்கு 2 மி.மீ., டியூனரின் பொடித் திருகாணிகளுக்கு 1.5 மி.மீ. என்று வரும். ஆனால் உங்கள் பையில் வந்த திருகாணி எதுவோ அதை வெர்னியரில் அளந்த பிறகே முடிவுசெய்யுங்கள்.

இனி, இந்தக் கிட்டாரிலேயே மிகக் கடினமான துளைகள்: தந்திகள் உடலை ஊடுருவும் ஆறு துளைகள். மேலிருந்து 3.2 மி.மீ. பிட்டால் 45 மி.மீ. மரத்தை நேரே துளைத்துவிட்டால் பின்னால் ஆறும் ஒரே வரிசையில் வரும் என்று தோன்றும். வராது. மெல்லிய பிட் மரத்தின் இழையைப் பின்பற்றி வளையும். மேலே நூல் பிடித்ததுபோல இருக்கும் வரிசை, பின்னால் பல்வரிசை தவறியதுபோல நெளிந்திருக்கும். அங்கே ஃபெர்ரூல் என்ற உலோகக் குமிழ்கள் உட்காரும்போது அந்த நெளிவு இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால் இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைக்க வேண்டும்.

முதலில் பிரிட்ஜ் தகட்டைத் திருகி, அதன் ஆறு துளைகளின் மையத்தையும் உடலில் குறித்துத் தகட்டை எடுத்துவிடுங்கள். டிரில் பிரஸ்ஸில் மேலிருந்து ஒவ்வொன்றையும் பாதி ஆழத்துக்குச் சற்று மேல் போடுங்கள். அடுத்து, டிரில் பிரஸ்ஸின் மேசையில் ஒரு தட்டையான பலகையைக் கிளாம்பால் அசையாமல் பிணைத்து, அதே பிட்டால் பலகையில் ஒரு துளை போட்டு, அந்தத் துளையில் அதே அளவுள்ள வேறொரு பிட்டின் வழுவழுப்பான தண்டுப்பகுதியை ஏழெட்டு மில்லிமீட்டர் வெளியே நிற்கும்படி செருகுங்கள். இப்போது அந்த முளையும் மேலே சுழலும் பிட்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றன. மேசையின் உயரத்தை இதற்குப் பிறகு மாற்றக் கூடாது. வட்டத் தூணுள்ள இயந்திரத்தில் உயரம் மாறினால் மேசை பக்கவாட்டிலும் திரும்பிவிடும். உடலைக் கவிழ்த்து, முன்பக்கத் துளை முளையின் மேல் அமரும்படி வையுங்கள். பின்புறத்தில் பிட் எங்கே தொடுகிறதோ அதுவே முன்பக்கத் துளைக்கு நேர் எதிர்ப்புள்ளி. அங்கே முதலில் ஃபெர்ரூலின் விட்டத்துக்குரிய, நடுவில் முனையுள்ள பிட்டால் அதன் ஆழம் மட்டும் துளைத்து, பின்னர் மெல்லிய பிட்டை மாட்டி மீதியை ஊடுருவச் செய்யுங்கள். அளவு மாற்றி வரிசை மாற்றினால், அதாவது மெல்லிய துளையை முதலில் போட்டுவிட்டால், பெரிய பிட்டின் நடுமுனை பிடித்துக்கொள்ள மரமே இருக்காது. உடலுக்கும் பலகைக்கும் இடையில் ஒரு சீவல் சிக்கினாலும் எல்லாம் சாய்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு துளைக்கும் இடையில் தூரிகையால் துடைப்பது அவசியம். நான் ஆறு துளைகளுக்கு முன் எப்போதும் ஒரு வீண் மரத்தில் இரண்டு துளை போட்டுப் பார்ப்பேன். டிரில் பிரஸ் உங்களிடம் இல்லையென்றால் இந்த ஒரு வேலைக்காகவாவது ஒரு தச்சுப் பட்டறையை நாடுங்கள்; கையால் முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தந்தியைப் பிரிட்ஜின் பின்விளிம்பிலிருந்தே மாட்டக்கூடிய தகடுகளும் உண்டு. அதை வாங்கிவிட்டால் இந்தப் பத்தி முழுவதையும் மறந்துவிடலாம்.

ஃபெர்ரூலைத் தட்டி இறக்கும்போது அது பூச்சைத் தள்ளுவதாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு, துளையின் வாயிலுள்ள பூச்சை ரீமரால் (துளையை அகலப்படுத்தும் கூம்பு வடிவக் கருவி) சற்றே அகற்றுங்கள். இடையில் ஒரு மரத்துண்டு வைத்தே தட்ட வேண்டும்.

டியூனர்களில் பெரிய துளை ஏற்கெனவே இருப்பதால் வேலை எளிது என்று நினைத்தால், கிட்டார் சேர்ப்பவர்கள் அதிகம் பல்லைக் கடிப்பது இங்கேதான். முதலில் துளையின் விட்டத்தை அளவிடுங்கள். நவீன மூடிய வகை டியூனர்களுக்கு 10 மி.மீ. வேண்டும், பழைய பாணி டியூனர்களின் அழுத்திப் பொருத்தும் புஷ்களுக்கு (டியூனரின் தண்டைச் சுற்றி அமரும் உலோக வளையம்) சுமார் 8.7 மி.மீ. பெரிய துளையில் சிறிய புஷ் ஆடும். அதற்கென்று இடைப்புஷ் கிடைக்கிறது. சிறிய துளையைப் பெரிதாக்க டிரில் பிட்டை நேரடியாக இறக்கக் கூடாது. அது துளையின் சுவரைக் கவ்வித் தலைப்பகுதியைச் சுழற்றியடிக்கும். ரீமரைக் கையால் சுற்றி, இரு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள். அழுத்திப் பொருத்தும் புஷ்களைச் சுத்தியலால் தட்டாமல், மோட்டாரை அணைத்த டிரில் பிரஸ்ஸின் கைப்பிடியாலோ கிளாம்பாலோ நிதானமாக அழுத்தி இறக்கலாம்.

ஆறு டியூனர்களையும் துளையில் செருகி, முன்புறப் புஷ்களை விரலால் மட்டும் இறுக்கி, பின்புறத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை ஆறின் மேலும் சாய்த்து வரிசைப்படுத்திய பின்னரே திருகாணிகளின் இடத்தைக் குறியுங்கள். இந்தப் பொடித் திருகாணிகள் மென்மையான உலோகத்தால் ஆனவை, மேப்பிளோ கல்போன்றது. முன்துளை இல்லாமலோ, சிறியதாகவோ போட்டுச் செலுத்தினால், பாதி வழியில் ‘டிக்’ என்ற ஒரு மெல்லிய ஒலியோடு தலை திருப்புளியோடு வந்துவிடும், தண்டு மரத்துக்குள்ளேயே நின்றுவிடும். அதனால் அதே அளவுள்ள ஓர் எஃகுத் திருகாணியை மெழுகு தடவி முதலில் செலுத்தி, மரத்தில் மரையை வெட்டிவிட்டுக் கழற்றி, அதன் பிறகு அழகான திருகாணியைச் செலுத்துங்கள். மெழுகுவர்த்தியில் ஒருமுறை இழுத்தாலே போதும். சோப்பைத் தடவும் பழைய பழக்கம் ஈரத்தை இழுத்துத் துருவுக்கு வழிவகுக்கும். தலைப்பகுதியின் தடிமன் பொதுவாக 13 முதல் 15 மி.மீ. என்பதால் 10 மி.மீ. திருகாணிக்கு ஆழக்கொடி கட்டாயம். மின் திருப்புளியை இங்கே பயன்படுத்தவே வேண்டாம்.

உடைந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என்றாவது ஒன்று உடையும். மெல்லிய எஃகுக் குழாயின் ஒரு முனையில் அரத்தால் பற்கள் வெட்டி, அதை டிரில்லில் மாட்டி, உடைந்த தண்டைச் சுற்றி மரத்தை அறுத்து, தண்டை இடுக்கியால் எடுக்க வேண்டும். உண்டான துளையை மேப்பிள் அடைப்பால் பசையிட்டு மூடி, ஒரு நாள் காயவிட்டு மறுபடி துளைக்கலாம். கடைகளில் கிடைக்கும் வட்டக் குச்சியை வெட்டி அடைத்தால், திருகாணி அதன் இழையோடு ஒரே திசையில் இறங்குவதால் பிடிமானம் குறையும். பக்கவாட்டு இழையோடு வெட்டியெடுத்த அடைப்பே வலுவானது. பல்குச்சியும் பசையும் பிக்கார்டு திருகாணிக்குப் போதும். தோள்வார்க் குமிழுக்கோ பிரிட்ஜுக்கோ நான் அதை நம்ப மாட்டேன்.

மீதியுள்ளவை விரைவாக முடியும். கட்டுப்பாட்டுத் தகடும் பிக்கார்டும் கழுத்து பொருத்தப்பட்ட பிறகே குறிக்கப்பட வேண்டும், பிக்கார்டின் வெட்டு கழுத்தின் அடியைத் தழுவி நிற்பதால். பக்கவாட்டு ஜாக்குக்கு வழக்கமான துளை 22 மி.மீ. அது ஏற்கெனவே இருந்தால் நல்லது. இல்லையென்றால் நடுமுனையுள்ள பெரிய பிட்டால், உடலைச் செங்குத்தாக நிறுத்திப் பிணைத்துக்கொண்டு போட வேண்டும். பிட் சூடேறும், நிறுத்தி நிறுத்திப் போங்கள். தோள்வார்க் குமிழ்களுக்கு 2.5 மி.மீ. முன்துளையும், குமிழுக்கு அடியில் ஒரு ஃபெல்ட் வாசரும் வையுங்கள். தலைப்பகுதியிலுள்ள தந்தி அழுத்தியைக் கடைசிவரை துளைக்காதீர்கள். உண்மையான தந்திகள் கட்டிய பிறகு அவை எங்கே ஓடுகின்றன என்று பார்த்தே அதன் இடத்தைக் குறிக்க வேண்டும்.

பின்னொரு நாள் டியூன்-ஓ-மேட்டிக் வகைப் பிரிட்ஜுள்ள உடலை எடுத்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அதன் இரண்டு தூண்களும் ஏறத்தாழ 74 மி.மீ. இடைவெளியில், ஆனால் தந்திகளுக்குச் சரியான செங்குத்தாக இல்லாமல், தடித்த தந்திப் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் இருக்க வேண்டும். சேடில்களின் நகர்வு அங்கே மிகக் குறைவு. அந்தப் பிரிட்ஜ் உயரமானது என்பதால் கழுத்தும் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். உங்கள் தற்போதைய உடலில் அதைப் பொருத்த ஆசைப்பட்டால் தந்திகள் ஃப்ரெட்போர்டுக்கு எட்டாத உயரத்தில் நிற்கும்.

எல்லாம் பொருத்தியாயிற்று என்றால், தந்திகளைச் சுருதிக்குக் கொண்டுவந்து, கழுத்தின் நான்கு திருகாணிகளையும் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். தந்திகளின் இழுவையால் கழுத்து குழியின் பின்சுவரை நோக்கி நகரும்போது சில நேரம் மெல்லிய ஒரு முனகல் கேட்கும். உடனே குறுக்குமறுக்காக, ஒவ்வொன்றாக, திருப்புளியால் கையாலேயே இறுக்குங்கள். பிறகு இரண்டு ஓரத் தந்திகளும் கடைசி ஃப்ரெட்டின் விளிம்பிலிருந்து சம தூரத்தில் நிற்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். உடலின் திருகாணித் துளைகள் அகலமாக இருப்பதால், சிறிது விலகியிருந்தாலும் மறுபடி சற்றுத் தளர்த்தி, கழுத்தை இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம்.